துடைக்காத இலை

கல்லலில் என் மில்லுக்கு வழி கேட்டால்
யாரும் கை காட்ட மாட்டார்கள்.
"தும்மல் வர்ற வரைக்கும் நடங்க" என்பார்கள்.
முண்டு மிளகாய் அரைபடும் பகலில்
பேருந்துகூடத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் திரும்பும்.

பதினோரு வருஷம்.
நெஞ்சுக்குள் ஒரு சல்லடை தொங்குகிறது,
யாரோ ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.
ஊருணிக் கரை ஆடாதோடையைக் கஷாயம் வைத்துப் பார்த்தாகிவிட்டது.
ஊசி போட்டும் பார்த்தாகிவிட்டது.

லீவில் வந்த தேவகோட்டை ஆளிடம்
ஈப்போவிலிருந்து வெள்ளைக்கண்ணு கொடுத்தனுப்பியவை:
கோடாலித் தைலம் இரண்டு, மைலோ ஒரு டின்,
செய்தித்தாளில் சுற்றிய காய்ந்த இலைக்கட்டு.
என்ன இலை என்று போனில் கேட்டேன்.
"பேய்பா."
"பேயா?"
"பேயில்லடி, பேய்பா. சீனக்காரவுக மரம்.
எந்தக் காலத்துலயும் மொட்டையாகாது.
மஞ்சளா ஒரு பழம் வரும், அதை விடு.
இலைதான் மருந்து."

அடுத்த வீட்டு யோக் லான் சொன்னதை
அவர் எனக்குச் சொல்லச் சொல்ல
மிளகாய்க் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதினேன்:
நெஞ்சுச் சூட்டை இறக்கும்.
மேலே ஏறி வருவதை,
இருமலோ ஓங்கரிப்போ விக்கலோ,
கீழே போ என்று திருப்பிவிடும்.
வயிற்றுக்கு என்றால் இஞ்சிச் சாறு.
இருமலுக்கு என்றால் தேனில் பிரட்டி வறுக்கணும்.
கொழுந்தைவிட முற்றிய இலை மேல்.

கடைசியாக ஏதோ சொன்னார்.
மிஷின் சத்தத்தில் கோட்டை விட்டேன்.

அன்று ராத்திரி குடித்த கஷாயம்
தொண்டைக்குள் நகம் வைத்து நடந்தது.
விடியும்வரை இருமல்.
"என்னக்கா, மில்லையே முழுங்கிட்டீங்களா?"
என்றான் மூட்டை இறக்கும் சூசை.

காலை வெயிலில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன்.
மேல்பக்கம் செருப்புத் தோல் பளபளப்பு.
அடிப்பக்கம் முழுக்க ரோமம்,
அணில் வயிறு மாதிரி.
இருமலுக்கான இலை
இருமலைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

அதற்குள் குரல் செய்தி வந்து கிடந்தது,
இரண்டு நிமிஷம் பதினேழு நொடி.
"முடியைத் துடைக்கணும்டி, பழைய பல் பிரஷ்ஷால.
இல்லாட்டித் தொண்டையைப் பிடுங்கும்."
அதுவரை கேட்டு நிறுத்திவிட்டுத் துடைக்க உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் இருமல் அடங்கியது.
இலையால்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
மோட்டார் காயில் கருகி
அந்த நான்கு நாள் மில்லும் ஓடவில்லை.

மில் ஓடாத ஊர் எவ்வளவு சத்தமாக இருக்கிறது!
மிச்சச் செய்தியை அப்போதுதான் கேட்டேன்.
"தீபாவளிக்கு வரல. தைக்குப் பாப்போம்."
அதற்குப் பின்னால், சரக், சரக்.
எண்பது இலை துடைத்த காதுக்கு
அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம்.

இலையைப் பிடிக்க ஒரு கை.
பிரஷ்ஷுக்கு ஒரு கை.
போனுக்கு ஒரு கை.
மேசையில் வைத்துப் பேசியிருக்கலாம்.
வைத்திருக்கலாம்தான்.
ஆனால் நான் எடை போடுகிறவள்,
கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைந்தாலும்
என் உள்ளங்கை சொல்லிவிடும்.

"இலை நல்லாக் கேட்டுச்சு.
யோக் லானுக்கு நன்றி சொல்லுங்க" என்று அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் திரும்பி வந்தது.

நெஞ்சிலிருந்து ஒன்று மேலே ஏறியது, இருமல் இல்லை.
தேனில் வறுத்த நாலு இலை போட்டுக் குடித்தேன்.
கீழே போகவில்லை.

மீதி இலைகளையும் துடைத்து மைலோ டின்னில் அடைத்தேன்.
ஒன்றை மட்டும் துடைக்கவில்லை.
அது டின்னின் அடியில் குப்புறக் கிடக்கிறது.
தையில் வந்தால்
அவருக்கும் தொண்டை கட்டும்.