வெள்ளைக் குச்சி

ஹெப்பாளிலிருந்து ஹொசக்கோட்டை வரை
என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.
மடியில் ஐந்து லிட்டர் கேன்;
அதில் நான்கு கிலோ பூண்டு
தண்ணீராகிக் குலுங்கிக்கொண்டிருந்தது.
நடத்துநர் மூக்கைத் தோளில் புதைத்தபடி
கேனுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
வாங்கிக்கொண்டேன்.

ஆய்வகத்தில் இதற்கு இருந்த மரியாதையே வேறு.
வட்டத் தட்டில், கூழின் மேல்,
பாக்டீரியா மாவுப்படலமாய்ப் படர்ந்திருக்கும்.
நடுவே சாறு தோய்த்த காகிதப் பொட்டு.
மறுநாள் அதைச் சுற்றி
எதுவும் முளைக்காத ஒரு தெளிந்த வளையம்.
பள்ளிக்கூட ஸ்கேலால்தான் அளப்பேன்.
வேப்பிலை ஏழு மில்லிமீட்டர்,
வேலியோரத்து உண்ணிச்செடி எட்டரை,
கடுக்காய் பதினைந்து.
பூண்டுக்குப் பத்தொன்பது வந்த அன்று
பணிக்கர் சார் மிக்ஸியின் தலையைத்
தட்டிக்கொடுத்தார்.

தட்டில் மழை பெய்வதில்லை.

சௌடம்மாவின் தக்காளி
காலையில் நிமிர்ந்து நிற்கும்,
உச்சி வெயிலில் தலை தொங்கும்,
சாயங்காலம் கொஞ்சம் எழுந்து
ஆசை காட்டும்.
நாலாம் நாள், பச்சை மாறாமலே செத்திருக்கும்.
பழுத்து உதிரக்கூட அவகாசம் தராத சாவு.

ஒரு தண்டை அறுத்து
தம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன்.
அறுத்த வாயிலிருந்து
மெல்ல இறங்கியது ஒரு வெண்ணூல்,
புகைபோல், அவசரமில்லாமல்.
"ஹாலா?" என்றாள். பாலா என்று கேட்கிறாள்.
ஒரு நூலில் எத்தனை கோடி என்று சொல்ல
என் லிங்கராஜபுரத்துக் கன்னடம் போதவில்லை.
"ரோகா" என்றேன்.
அதற்குமேல் எந்த மொழியிலும் தேவைப்படவில்லை.

நான்கு வரிசை, வரிசைக்கு இருபது செடி.
சிவப்புக் குச்சிக்குப் பூண்டு,
மஞ்சளுக்குக் கடுக்காய்,
நீலத்துக்குக் கடை மருந்து,
வெள்ளைக்கு வெறும் தண்ணீர்.

"இந்த இருபதும் என்ன பாவம் செய்தது?"

ஒப்பிடுவதற்கு என்றேன்.
எதுவும் ஊற்றாவிட்டால் எத்தனை சாகும் என்று
தெரிந்தால்தான்...
என்னை முடிக்க விடவில்லை அவள்.
சேலை நுனியால் கைமண்ணைத் துடைத்து
வெள்ளைக் குச்சிகளை ஒரு முறை பார்த்தாள்.
நான் பார்த்தது குறிப்பேட்டை.

ஆறு வாரம். நடுவில் இரண்டு பெருமழை.
சிவப்பில் பதினான்கு உயிரோடு.
மஞ்சளில் ஒன்பது.
நீலத்தில் பதினொன்று.
வெள்ளையில் பதினான்கு.

மறுபடி எண்ணினேன்.
மூன்றாம் முறை, செடி செடியாய்த் தொட்டு.

"பூண்டு பலன் தரவில்லை, அம்மா.
வெறும் தண்ணீரும் அதுவும் ஒன்றாய் நிற்கிறது."
சொல்லும்போதே
மார்க்கெட்டில் நான் பேரம் பேசிய நான்கு கிலோவும்
தோலுரித்துக் கொப்பளித்த விரல்களும்
பத்தொன்பது மில்லிமீட்டரும்
வரப்பில் இறங்கிப் போயின.

சௌடம்மா சிரித்தாள்,
முந்தானைக்குள், திருடியைப்போல.
நீ விட்டுப்போன கேனில்
அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
அது தீர்ந்ததும் நானே இடித்து ஊற்றினேன்.
பக்கத்து வரிசை குடிக்கும்போது
இதுகள் பார்த்துக்கொண்டிருக்குமா?

அப்படியானால் பூண்டு வேலை செய்திருக்கிறது.
அல்லது வெள்ளை வரிசை மேட்டில் இருக்கிறது,
மழைநீர் நிற்காமல் ஓடியிருக்கிறது.
அல்லது இரண்டும்.
அல்லது அவள் ஊற்றியது எவ்வளவு,
எந்தெந்த நாள், எந்தச் செடிக்கு?
"கண்ணளவு" என்றாள்.
அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.

பணிக்கர் சார் போனில்
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, அடித்துவிடாதே, நடந்ததை எழுது என்றார்.
அடுத்த பருவம் மறுபடி.

அதைச் சொன்னதும் அவள் தலையாட்டினாள்.
சிவப்பு வேண்டும், மஞ்சள் வேண்டும்,
நீலம்கூட இருக்கட்டும்.
"வெள்ளையை மட்டும்
உங்கள் ஆபீஸிலேயே நட்டுக்கொள்ளுங்கள்.
என் கண்ணில் படாமல்."

திரும்பும் பேருந்தில் கேன் காலி.
ஆனாலும் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.
வெள்ளைக்கு நேரே
பதினான்கு என்று எழுதி
பேனாவை எடுக்காமல் வைத்திருந்தேன்,
கே.ஆர்.புரம் பாலம் வரை.
மை ஊறி ஊறி
எண்ணைச் சுற்றி
ஒரு வளையமாயிற்று.