வலமிருந்து உதிர்வது

மேல்விஷாரத்தில், பாலாற்றை ஒட்டி,
ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் தோல் ஷெட்டின் சுவரில்
சிவப்புப் பெயிண்டில் ஓர் எண்: 73939133.
மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு
மாதம் ஒரு பாட்டில் குட்டைத் தண்ணீர் எடுக்கப் போகிறவள் நான்.
"இன்னா நம்பர் இது?"
காவலுக்கு இருக்கும் எத்திராஜ் சொன்னார்:
"மொதலாளி போன் நம்பர்னு நெனச்சிப் போட்டுப் பாத்தேம்மா.
இந்த எண் உபயோகத்துல இல்லியாம்."

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
வாய்விட்டுச் சொன்னால் ஏலம் கேட்பது போலிருந்தது.

வேலூர் பஸ்ஸில், டிக்கெட்டின் முதுகில் வகுக்கத் தொடங்கினேன்.
மூன்றுக்கு மசியவில்லை. ஏழு, பதினொன்று, பதின்மூன்று,
ரத்தினகிரி தாண்டியும் மீதி, மீதி, மீதி.
எண்ணாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு வரை
பகா எண் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்க்க வேண்டும்;
ஆயிரத்துக்கு மேல் கதவுகள்.
சத்துவாச்சாரியில் பேனா தீர்ந்தது.
மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் இமைப்பதற்குள் சொன்னது:
பகா எண்.
கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அடுத்த மாதம் கடைசி 3 இல்லை.
வலப்பக்கம் உப்புத் தொட்டி.
தோலுக்குப் போட்ட உப்பு செங்கல் வழியே ஏறி,
காரையைப் பொரித்து, பெயிண்டைத் தள்ளிவிடுகிறது.
மிச்சம் 7393913. அதுவும் பகா எண்.
ஆடியில் 739391. அதுவும்.
உப்புக்குக் காத்திராமல் மற்றதைத் தாளில் நானே உரித்தேன்:
73939
7393
739
73
7
ஒன்றுகூட உடையவில்லை.

வளர்க்கவும் பார்த்தேன்.
வாலில் 1 வைத்தால் மூன்றில் பிளக்கிறது, 7 வைத்தால் ஒன்பதில்.
3, 9 இரண்டும் அடம்பிடித்துவிட்டுப் பிளக்கின்றன.
மற்ற இலக்கங்களைச் சொல்லவே வேண்டாம்.
இந்த இனத்தில் இதற்கு மேல் பெரிசு கிடையாது.
சுவரில் எழுதியவனுக்கு இது தெரியுமா?
தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

வகுக்கவே முடியாத எண் என்று எத்திராஜிடம் சொன்னேன்.
"அதாம்மா கேஸ் இழுத்துகினே கீது" என்றார்.
"மூணு ஆம்பள, மூணு பொம்பள.
ஆம்பளைக்கு ரெண்டு, பொம்பளைக்கு ஒண்ணு.
ஒம்பது பங்கு. பதினோரு வாய்தா."

ஐப்பசியில் போனபோது சுவர் வெள்ளை.
வக்கீலோடு யாரோ இடம் பார்க்க வருகிறார்களாம்.
சுண்ணாம்பு அடித்து, பழைய எண்ணை
ஞாபகத்திலிருந்து எத்திராஜே எழுதியிருந்தார்:
73939131.
இலக்கங்களைக் கூட்டினேன். முப்பத்தாறு.
ஒன்பதில் மிச்சமின்றிப் போகும்.
பங்குக்கு எண்பத்திரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரத்து
நானூற்று ஐம்பத்தொன்பது.

"செரியா எழுதிட்டனா?"
"எழுத்து நல்லாக் கீது" என்றேன்.

பாட்டிலை மூடி, லேபிள் ஒட்டினேன்.
அந்த ஒன்று மட்டும் விழுந்துவிட்டால்
மிச்சம் பழையபடி யாருக்கும் பிரியாது.
அதன் காலடியில் வெள்ளையாய் ஏதோ பொரிந்திருந்தது.
சுண்ணாம்பா, உப்பா?
நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்.
எங்கள் ரிப்போர்ட்டைப் படித்தவர்கள் வைக்க மாட்டார்கள்.