அரை மில்லி

"விட்டம் மில்லியில, மரை அங்குலத்துல.
எவன் பெத்தான் இத?"
லேத்தை நிறுத்தாமலே கேட்கிறார் முனிரத்தினம்.
முப்பத்தொன்பது மில்லி வாய்,
அங்குலத்துக்கு இருபத்தாறு புரி.
இரண்டு அளவுகோல்களுக்குப் பிறந்தது
என் உள்ளங்கையில்
உள்ளூர் எண்ணெயும் வெளியூர்க் கண்ணாடியுமாய்
உட்கார்ந்திருக்கிறது.

வேலூர் சுண்ணாம்புக்காரத் தெருவில்
பழைய இரும்பாக எடைக்கு வந்திருந்த
என்லார்ஜரின் மூக்கு இது.
கழற்றித் தரச் சொன்னேன்.
"அது இல்லன்னா எடை குறையுமே" என்றான் கடைப்பையன்.
குறைந்த எண்பது கிராமுக்கு
நானூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

கழுத்து இல்லாத லென்ஸ்.
தானாக முன்னே பின்னே நகராது.
தலைகீழாகத் தொங்கி
நெகட்டிவ் வழியே வந்த வெளிச்சத்தைக்
காகிதத்தில் இறக்கியதுதான் இதுவரை பார்த்த உத்தியோகம்.
இரண்டடிக்கு மேல் உலகம் உண்டென்று
இதற்கு யாரும் சொன்னதில்லை.
ஆனால் தட்டையானதைத் தட்டையாகவே பார்க்கும்.
நடுவில் என்ன கூர்மையோ அதே ஓரத்திலும்.
எனக்கு அது போதும்.
நான் பார்ப்பது தோல்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தரப்பரிசோதனை.
நூற்றுப் பன்னிரண்டு ஆட்டுத்தோல்களில்
வெளிறிய கோடுகள்,
உங்கள் தொட்டியின் ரசாயனக் கறை,
பணம் தரமாட்டோம் என்று
கடல் தாண்டிக் கடிதம் வந்திருந்தது.
என் கேமராவோடு வந்த லென்ஸ்
கோட்டைக் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை.

முனிரத்தினம் கடைந்த பித்தளை மோதிரம்,
அதன் பின்னே திருகினால் நீளும் குழாய்,
அதன் பின்னே கேமரா.
முதல் படத்தில் பனி.
மே மாதம், ராணிப்பேட்டை, பனி!
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
குடை பிடித்து எடுத்தேன்.
பனி விலகவில்லை.

மூன்றாம் நாள் கரண்ட் போயிற்று.
டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்தபோது
வளையத்தில் ஒரு பொடி ஜன்னல்,
அதற்குள் ஐந்து புள்ளி ஆறு என்ற எண்
சிவப்பாய் எரிந்தது.
இருட்டில் நிற்பவன்
எண் தெரியாமல் தடவக்கூடாதென்று
எவனோ யோசித்து,
விளக்கு வெளிச்சத்தில் ஒரு சிட்டிகை கிள்ளி
வெளியே விட்டிருக்கிறான்.
அந்த நல்ல எண்ணத்தின் வழியாகத்தான்
சிப்காட் வெயில்
மூன்று நாளாய் உள்ளே வந்துகொண்டிருந்தது.

கருப்பு இன்சுலேஷன் டேப்,
சுண்டுவிரல் நகமளவு.
ஒட்டும்போது, மன்னித்துக்கொள் என்று
யாரிடமோ சொன்னேன்.

பிறகு தெரிந்தது எல்லாம்.
நாற்று நட்ட மாதிரி மயிர்க்கால் வரிசை.
கோடு வருமிடத்தில் வரிசை விலகி,
வளைந்து, சுற்றிப் போய்,
அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொள்கிறது.
கறை எதையும் வளைக்காது.
இது வேலிக்காத்தான் முள்.
உயிரோடு இருக்கையில் கிழிந்து,
உயிரோடு இருக்கையிலேயே ஆறியது.

சேதம் எங்களுடையதல்ல, ஆட்டினுடையது
என்று படத்தோடு எழுதினேன்.
ஒப்புக்கொண்டார்கள்,
எட்டு சதவீதம் கழித்துக்கொண்டு.
மேனேஜர் ஃபையாஸ் கைகொடுத்தார்.
லென்ஸுக்கு பில் இருக்கிறதா என்றும் கேட்டார்.

ஒரே குறை.
மோதிரம் அரை மில்லி தடித்துவிட்டது.
குழாயை முழுக்கச் சுருக்கினாலும்
காஞ்சனகிரி மலை தெளியவில்லை.
பதினைந்தடிக்கு அப்பால் எல்லாம் பஞ்சு.
"சீவிக் குடுத்துடட்டா எப்சிபா மேடம்?
பத்து நிமிஷ வேலை."

நான் அவர் முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மணிக்கட்டுக்கு மேல்
பித்தளைச் சுருள் எப்போதோ இழுத்த கோடு.
கையை மேசைமேல் வைக்கச் சொல்லிக்
குழாயை நீட்டினேன்.
முடிகள் வரிசையாய் வந்து,
விலகி, சுற்றிப் போய்ச் சேர்ந்தன.

திரையை எட்டிப் பார்த்தார் வெகுநேரம்.
"எக்ஸ்போர்ட் ஆவுமா?"

"ஆவும். எட்டு பர்சன்ட் கழிச்சுக்குவாங்க."