கடன் கொப்பி

முத்தையன்கட்டு இடதுகரையில்
காய்ச்சல் எந்தப் பக்கம் போகுமென்று
என் ஓட்டோவுக்குத் தெரியும்.

முதல் மூன்று நாள் அது எங்கேயும் போகாது.
ஒரு அட்டை பனடோல், மல்லி அவித்த தண்ணி,
நெற்றியில் ஈரத்துணி.
அரிவு வெட்டுக் காலமென்றால் ஐந்து நாள்.
பிறகு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபோன் அடிக்கும்.
"அண்ணை, நிக்கிறியளோ?"

நிற்கிறேன். "எங்கை போறது?" என்று கேட்டால்
அங்கேதான் வீட்டுக்குள் சண்டை தொடங்கும்.
தாய் ஒரு ஊர் சொல்லுவாள், தகப்பன் ஒரு ஊர்.
பிள்ளை போர்வைக்குள் கிடந்து
எந்த ஊருக்கும் நடுங்கும்.

பவளராணி மகனை ஒட்டுசுட்டானுக்குத்தான் என்றாள்.
டொக்டர் லீவு. மிஸ் துண்டு எழுதித் தந்தா:
குறையாவிட்டால் மாஞ்சோலை.
குறையவில்லை. மாஞ்சோலை.
வழியில் இரண்டு தரம் நிறுத்தினேன், சத்திக்கு.

மடுத்தீனுக்கு அரசாங்க மருந்தில் நம்பிக்கையில்லை.
புதுக்குடியிருப்பில் பின்னேரம் திறக்கிற பிரைவேட் கிளினிக்,
கதிரை, ஃபான், மீன் தொட்டி.
பெண்சாதிக்கு ஊசி போட்டால்தான்
அவருக்குச் சுகம் வரும்.

குகராசா ஒருநாள் கூலியை விடமாட்டான்.
பார்மசியில் சிவப்பும் கறுப்புமாய் ஒரு குளிசை,
ஏழு நாளைக்கு.
மூன்றாம் நாள் வேர்த்தது, எழும்பி வயலுக்குப் போனான்.
மிச்சக் குளிசை மகளுக்காம்.

நெடுங்கேணிப் பரியாரியார் மட்டும்
நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்,
நாடியை விட்டுவிட்டுச் சொன்னார்:
"பிள்ளை, இது நெருப்புக் காய்ச்சல் போலை கிடக்கு.
என்னட்டை வைச்சு மினைக்கெடாதை, ரத்தம் குடுத்துப் பார்."
காசும் வாங்கவில்லை.
இவ்வளவு தூரம் வந்ததே என்று
யோகமலர் திரும்பும் வழியெல்லாம் அழுதாள்.

அவளுடைய ரத்தம் ஐஸ் பெட்டிக்குள்
தனியே வவுனியாவுக்குப் போனது.
ரிப்போர்ட் வரக் கிழமை செல்லுமாம்.
காய்ச்சல் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டா இருக்கும்.

ஒரு ஞாயிறு, மழை, ஹயர் இல்லை.
கடன் கூட்டிப் பார்ப்போமென்று கொப்பியை விரித்தேன்.
பதினேழு வரி.
இறக்கிய இடங்கள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தன.
ஏற்றிய இடம்
நாவலடி ஒழுங்கை.
நாவலடி ஒழுங்கை.
மேலேயும் அதுதான், கீழேயும் அதுதான்.

அந்த ஒழுங்கைக்கு ஒரேயொரு பொதுக்கிணறு.
மார்கழி வெள்ளத்தில்
கக்கூஸ் குழியும் அதுவும் ஒரே மட்டத்தில் நின்றதை
நான் என் கண்ணால் கண்டவன்.
கண்டுவிட்டு
அதே வாளியில் முகம் கழுவினவன்.

எல்லா டொக்டரும்
ஆளுக்கொரு காய்ச்சலைத்தான் பார்த்தார்கள்.

பி.எச்.ஐ. கந்தோருக்குக் கொப்பியைக் கொண்டுபோனேன்.
மீசை அரும்பின பொடியன்.
பெயர்களை எழுதி எடுத்தான்.
காசு எழுதின பக்கத்தைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்தேன்,
அது எனக்கும் அவர்களுக்கும் இடையிலே.
அடுத்தநாள் குளோரின் கரைத்து ஊற்றினார்கள்,
மூடி போட்டார்கள்.
"தண்ணி மணக்குது, தேத்தண்ணி வாயிலை வைக்கேலாது,
ஆர் போய்ச் சொன்னது?"
பவளராணி ஒரு கிழமை என் முகம் பார்க்கவில்லை.
தரவேண்டிய ஆயிரத்தைந்நூறும்
அந்தக் கோபத்தோடு போய்விட்டது.

முந்தநாள் தொடக்கம் எனக்குத் தலையிடி.
பின்னேரமானால் உள்ளங்காலால் குளிர் ஏறுது.
கொப்பியின் பதினெட்டாம் வரியில் என் பெயரை எழுதினேன்.
ஏற்றிய இடம்: நாவலடிக் கிணறு.
இறக்கிய இடத்தை எழுத முதல்
மனுசி பேனையை வாங்கி வைத்துவிட்டாள்.

"இரண்டு பனடோல் போட்டுட்டுப் படுங்கோ.
நாளைக்குப் பாப்பம்."

அடுப்பில் மல்லி கொதிக்கிற மணம் வருகுது.