செதில்

பௌர்ணமி கழிந்து மூன்றாம் இரவு.
நிலா பிந்தித்தான் வரும்.
முட்டம் கடற்கரையில் தீ வளர்க்க
அனுமதி கேட்டுப் போனது நான்தான்.
எந்தக் கோயில் கொடை என்றார் ஏட்டு.
யூதர்கள் என்றேன்.
பைபிளில் உள்ளவர்களா என்றார்.
என் மாடியில் வாடகைக்கு உள்ளவர்கள் என்றேன்.

சிரட்டை இரண்டு சாக்கு, காய்ந்த கொதும்பு,
காற்றில் முறிந்த ஒரு பூவரசு.
உடைந்த வள்ளத்தின் பலகையை மட்டும்
தரமாட்டேன் என்றான் ததேயூஸ்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மெற்றில்டா ஒரு குட்டுவம் நிறைய
கணவாய் கொண்டுவந்தாள்.
தாமார் கைகூப்பினாள்.
செதிலும் துடுப்பும் உள்ளதுதான் அவர்களுக்கு ஆகும்.
சாளை சரி, விளமீன் சரி.
நண்டு, இறால், திரச்சி, கணவாய் வேண்டாம்.
'கடலப் படைச்சவன் செதில எண்ணியா படைச்சான்?'
முனகிக்கொண்டே குந்தியிருந்து
நல்ல விளமீனாய்ப் பொறுக்கிக் கொடுத்தாள்,
விலை பேசாமல் அல்ல.

கனலுக்குள் உருளைக்கிழங்கு புதைப்பது அவர்கள் வழக்கம்.
மரச்சீனியும் புதைத்தோம்.
ஊரி என்ற பொடியன்
நாரோடு விழுங்கி விக்கினான்.
காற்றுக்கு மறுபக்கம் எங்கள் பிள்ளைகள்
குட்டித் தீ ஒன்று போட்டு
கணவாயைச் சுட்டார்கள்.
மணத்தை யார் தடுக்க?

பாஸ்காவின் மறுநாள் தொடங்கி
இரவுக்கு ஒன்றாய் எண்ணுவார்களாம்,
நாற்பத்தொன்பது வரை.
எண்ணுகிற காலத்தில் ஒருமுறை கொள்ளைநோய்.
முப்பத்து மூன்றாம் நாள் சாவு நின்றது.
அதற்குத்தான் இந்தத் தீ.
தாமார் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

'எனக்கு இது இருபத்தாறு' என்றாள் மெற்றில்டா.
தேங்காப்பட்டணத்திலிருந்து
தங்கலுக்குப் போன போட்டில் மகன் கிறிசாந்து.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
இரு கை இரண்டு முறை விரித்து
பிறகு ஆறு விரல் காட்டினாள்.
தாமார் அந்த விரல்களையே பார்த்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு ததேயூஸின் போன் அடித்தது.
கரைக்கடலில் வலை விட்டிருந்த வியாகுலம்.
'லேய், லைட் ஹவுஸ் குட்டி போட்டிருக்கா?
கணியம் பிசகுதுலே!'
சிரித்தோம்.
ஊரியின் அப்பன் தடியெடுத்து
தீயைத் தாழ்த்தப் போனான்.
'கெடக்கட்டும்,' என்றாள் மெற்றில்டா,
'தெரியட்டும்.'

விடிந்ததும் வந்து
அந்தச் சாம்பலைச் சிரட்டையில் அள்ளினாள்.
சந்தையில் இன்று கெளிறு. கை வழுக்கும்.
செதிலில்லாத மீனை வெட்டத்தான்
சாம்பல் வேணும்.
இருபத்தேழு என்று
என் காதில் விழச் சொல்லிவிட்டு
பஸ் ஏறினாள்.