ஈரப்பதம்

பலகை எழுத வந்தவனிடம்
பிச்சமுத்து முதலில், நூர்தீன் பிறகு என்றார்கள்.
இடம் போதவில்லை.
பி.என். காம்பொனென்ட்ஸ் என்று எழுதிவிட்டுப் போனான்.
குன்னூர்க் கீழ்பஜார், ஸ்வெட்டர் கடையில் பாதி,
எழுபத்தொன்பது ஐப்பசி அடைமழை.
அரவங்காட்டு எஞ்சினியர் ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்:
பி-யும் என்-னும் ஒட்டினால் டையோடு,
ஒரு பக்கம்தான் ஓடும், தெரியுமா?
முதல் வருடக் கணக்கு முடித்தபோது தெரிந்தது.
பணம் வெளியே மட்டும் ஓடியிருந்தது.

என்னை வேலைக்கு எடுத்த காரணத்தை
வெளியே சொல்லாதே என்றார் பிச்சமுத்து.
அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம்.
ரெசிஸ்டர் உடம்பில் கோடு கோடாய் எழுதியிருப்பதை
நான்தான் வாசிக்க வேண்டும்.
பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு: பத்து கே.
பழுப்பு, கருப்பு, சிவப்பு: ஒரு கே.
மாதி, இது? மாதி, அது?
எடப்பள்ளியிலிருந்து நடந்து வந்த பத்தாம் வகுப்பு ஃபெயில்
ஒரு கம்பெனிக்குக் கண்ணாக இருந்தேன்,
மாதம் நூற்றிருபது ரூபாய்க்கு.

டிரான்சிஸ்டர்கள் ஹோமியோபதிக் குப்பிகளில்,
கெபாசிட்டர்கள் பிஸ்கட் டின்களில்.
தட்டுப்பாடே இல்லாத சரக்கு ஒன்றுதான்: ஈரம்.
கதவிடுக்கில் நுழையும் மேகத்துக்கு இன்வாய்ஸ் கிடையாது.
ஐ.சி. கால்கள் கறுக்கும், அட்டை ஊதும்.
பேரேட்டில் காளான் பூத்தபோது
வரவுப் பக்கத்தில் பூத்திருக்கிறது பார் என்றார் நூர்தீன்.

பிறகு ஒரு கார்த்திகையில் பர்லியார் அருகே மலை சரிந்தது.
தார்ப்பாய் கிழிந்த லாரி மூன்று நாள் நின்றது.
உள்ளே எங்கள் மொத்த முதலும்:
பதினோராயிரம் ஐ.சி., சொட்டச் சொட்ட.
வங்கி மேனேஜர் குடையோடு வந்தார்,
பார்த்தார், குடையோடு போனார்.
தேயிலையை எப்படி உலர்த்துகிறார்கள் என்று
நூர்தீன்தான் கேட்டார்.

கட்டபெட்டு ஃபாக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் ஓய்ந்ததும்
டிரையர் தட்டுகளில் பரப்பினோம்,
கால் மடங்காமல், ஒவ்வொன்றாய்.
விடிய விடிய வெங்காற்று.
டிரையர்மேன் போஜன் புறங்கையால் சூடு பார்த்தார்,
இலைக்குப் பார்ப்பது போலவே.

சோதித்ததில் செத்தது இரண்டாயிரத்துச் சொச்சம்.
மீதிப் பெட்டிகளில் என் கையெழுத்தில் சீட்டு:
மழையில் நனைந்தது, உலர்த்தினோம், பாதி விலை.
எழுதாதே என்றார் பிச்சமுத்து.
எழுது என்றார் நூர்தீன்.
டையோடில் இரண்டு பக்கமும் கரண்ட் பாய்ந்த ஒரே நாள் அது.
பெங்களூரிலிருந்து ஒரு கார்டு வந்தது:
சரக்கு வேலை செய்கிறது, தேயிலை மணக்கிறது.
அடுத்த ஆர்டரும் மணக்குமா?

ஏஜென்சிகள் அதற்குப் பிறகுதான் மலையேறி வந்தன.
கோவையில் கிடங்கு, ஓசூரில் கிளை,
நாற்பதாயிரம் அயிட்டம்,
என் கண்ணுக்குப் பதில் ஸ்கேனர்.
இப்போதைய ரெசிஸ்டருக்குக் கோடே இல்லை,
கடுகில் பாதி, தும்மினால் நஷ்டம்.
உலர் அலமாரியில் ஈரப்பதம் ஐந்து சதவீதம்.
மீறினால் கோவையில் மணி அடிக்கும்,
குன்னூரில் என் ஃபோன் அடிக்கும்.

உலகமே சிப்புக்கு அலைந்த வருடம்
நூறு ரூபாய்ச் சரக்கை ஆறாயிரத்துக்குக் கேட்டார்கள்.
பிச்சமுத்துவின் மகள் செண்பகவல்லி நாற்காலியில்.
பட்டியலை இரண்டு முறை படித்தாள்.
பல்லடத்தில் காதுக் கருவி செய்கிறவருக்கு முன்னூறு,
பழைய விலை.
மற்றவர்களுக்கு ஆறாயிரம்.
நான் ஏசவில்லை, புகழவும் இல்லை.
பில் போட்டேன்.

போன வாரம் பழைய பேரேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒருவன் வந்தான்.
முதல் பக்கம், முதல் வரி, கசிந்த நீல மை:
கட்டபெட்டு போஜன், பத்து கே ஒன்று,
பதினைந்து காசு, கடன்.
வரவு வைக்கவே இல்லை.
இதை எப்படிப் போடுவது என்றான்.
நிலுவை என்று போடு என்றேன்.
யார் யாருக்கு என்றான்.

முதலில் அந்த ஜன்னலைச் சாத்து,
ஈரம் வருது.