பின்னுக்குத் தள்ளிய இருக்கை

முட்டுக்காட்டுப் பாலத்தில் காற்று
காடியை ஒரு பக்கமாய்த் தள்ளியது.
அதுவரை யாரும் பேசவில்லை.
காரைக்குடியில் தொடங்கிய சண்டை,
ஒரு பித்தளைத் தூக்குவாளி
வாங்குவதா வேண்டாமா என்று.
வாங்கியாயிற்று.
பிரேக் போட்டால் அது முன்னே உருள்கிறது,
காலை எடுத்தால் பின்னே.

கிள்ளானிலிருந்து நாலு பேர்,
பதினோரு நாள்.
குகனேசன் ஓட்டினால் வழி தவறும்,
யோகமலர் ஓட்டினால் நேரம்.
நான் ஓட்டினால்
மூவருக்கும் பக்தி வந்துவிடும்.
லோகேந்திரன் ஓட்டினால் மட்டும் தூங்கினோம்.
ஆறடி இரண்டங்குலம் அவன்.
ஏறியதும் இருக்கையைக் கடைசிப் பல்வரை
பின்னுக்குத் தள்ளுவான்.
அடுத்து ஏறுகிறவர் திட்டிக்கொண்டே
முன்னுக்கு இழுப்போம்.

திருவல்லிக்கேணி லாட்ஜில்
கடவுச்சீட்டையும் எங்களையும்
மாறி மாறிப் பார்த்தவர்
"தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்றார்.
"நீங்களுந்தான் அண்ணே" என்றான் லோகேந்திரன்.
சாவி கொடுக்கும்வரை அவர் சிரிக்கவில்லை,
மாடிப்படி ஏறும்போதுதான் கேட்டது சிரிப்பு.

மறுநாள் காலை மெஸ்ஸில்
பரிமாறும் பையனிடம் வாய் தவறி
"தம்பி பசியாறியாச்சா?" என்றேன்.
"ஆறலக்கா, இட்லி சூடாத்தான் இருக்கு."
எங்கள் பாதிச் சொற்கள்
இந்த ஊரில் இப்படித்தான்,
கூப்பிட்டால் வேறு யாரோ திரும்புகிறார்கள்.

மெரினாவில் வெயிலேறும்வரை இருந்தோம்.
கிள்ளானில் எல்லோரையும்
வேலைக்கு அனுப்பிவிட்டு
சாவகாசமாய் இங்கே வந்த சூரியன்.
யோகமலர் மணலில் கணக்கெழுதினாள்,
ரூபாயில் ஒரு பத்தி, ரிங்கிட்டில் ஒரு பத்தி.
முந்நூற்று நாற்பது ரூபாய் இடித்தது.
குகனேசன் காலால் அழித்துவிட்டு
"சுண்டல்" என்றான்.
மூன்று நாளில்
அவளிடம் அவன் சொன்ன முதல் சொல்.

லோகேந்திரனுக்கு மட்டும் ஒரு நாள் முந்திய விமானம்.
சிங்கப்பூரில் இரவு ஷிப்ட்.
மீனம்பாக்கம் வரை அவனே ஓட்டினான்.
புறப்பாட்டு வாசலில் விசில் ஊதுகிறார் காவலர்,
பின்னால் ஆறேழு வண்டி,
பையை இழுத்துக்கொண்டு
குனிந்து கண்ணாடி வழியே சொன்னான்:
"எண்ணெய் நிரப்பிக் கொடுங்கலா,
இல்லாட்டி காசு வெட்டுவானுங்க."
பதினோரு நாளுக்கு அவ்வளவுதான்.

நான் ஏறினேன்.
கிளட்ச் எட்டவில்லை.
இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி உண்டு,
நாற்பது முறையாவது இழுத்திருப்பேன்.
கை போகவில்லை.
விளிம்பில் உட்கார்ந்து
நுனிக்காலால் மிதித்து
கத்திப்பாராவில் தப்பான வளைவில் இறங்கி
அசோக் நகரில் விழித்தோம்.
பால் வண்டிகள் மட்டும்
எங்களைப்போல் அவசரமில்லாமல்.
குகனேசன் பின்னாலிருந்து
"இழுத்துப் போட்டுக்கவேன்" என்றான்,
பிறகு "வேணாம் விடு" என்றான்.

மறுநாள் கிண்டி.
வாடகைக் கம்பெனிப் பையன்,
மார்பில் நவநீதன் என்று அட்டை,
கைப்பேசி வெளிச்சத்தோடு சுற்றி வந்தான்.
"இந்தக் கீறல்?"
கொல்லிமலை, எத்தனையாவது வளைவோ.
"இது?"
தூத்துக்குடியில் ஓர் உப்பு லாரி.
"பம்பர்ல இது?"
லோகேந்திரன் செய்தது,
சத்தியம் வாங்கி மறைத்து வைத்திருந்தோம்.
"நான்தான்" என்றாள் யோகமலர்.
"இல்ல, நான்" என்றான் குகனேசன்.
பையன் என்னைப் பார்த்தான்.
நானும் தலையாட்டினேன்.
மூன்று பேருக்கும் சேர்த்து
இரண்டாயிரம் பிடித்தான்.

வண்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோக ஏறினான்.
குள்ளம். கால் எட்டவில்லை.
குனிந்து கம்பியை இழுத்தான்.
சடக்.

"ஏய்" என்றாள் யோகமலர்,
யாரை என்று அவளுக்கே தெரியாது.
பையன் கண்ணாடியை இறக்கினான்:
"எதுனா விட்டுட்டீங்களாக்கா?"
பதில் சொல்வதற்குள்
இருக்கைக்கு அடியிலிருந்து
தூக்குவாளியை எடுத்து நீட்டினான்.

யார் வாங்குவது என்று
ஒரு கணம் நின்றோம்.